மேட்டுப்பக்கம் போன பந்து

பந்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. எங்கள் அணித் தலைவி கலைவாணி அதைப் பிடிக்க ஓடவில்லை. கோட்டருகே நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, போன பந்து தானாகவே திரும்பி வரும் என்று காத்திருந்தாள்.

பந்து வரவில்லை. மெருகு போட்ட பலகைத் தரையில் நிதானமாக உருண்டு போய், விருந்தினர் கதிரை ஒன்றின் கீழே நின்றுகொண்டது. நடுவர் விசில் ஊதி, பந்தை எதிரணிக்குக் கொடுத்தார். கலைவாணி நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

"என்னாம்மா நிக்கிற? கடுதாசி போட்டா வருமா பந்து?" என்று எனக்குப் பக்கத்திலிருந்து எங்கள் பயிற்றுவிப்பாளர் செபஸ்டியன் மாஸ்டர் கத்தினார்.

மொனராகலைப் பக்கம் ஒரு பெரிய பாடசாலையின் உள்ளரங்கு அது. ஊவா மாகாணப் பாடசாலைப் பெண்களுக்கான கூடைப்பந்துப் போட்டி. கொரோனா முடிந்து, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலமும் முடிந்து, பாடசாலைகள் மறுபடி விளையாடத் தொடங்கியிருந்த வருடம். எங்களுக்கு அன்று இரண்டு ஆட்டங்கள். அதில் ஒன்றையாவது வெல்லாவிட்டால், பதுளையில் எங்கள் பாடசாலையில் கூடைப்பந்து என்று ஒன்று இனி இருக்காது. அது அதிபரின் முடிவு. அந்த நிலையில்தான் எங்கள் தலைவி பந்துக்குக் கை நீட்டி நின்றாள்.

போன வாரம் இந்தப் பத்தியில் விடுதிப் பிள்ளைகளின் காலில் ஏறும் அட்டைகளைப் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகி தொலைபேசியில் கூப்பிட்டு, உப்பை விடச் சவர்க்காரம்தான் நல்லது என்று கண்டிப்பாகச் சொன்னார். அவருக்கு ஒரு செய்தி: அட்டை இந்த வாரமும் வருகிறது. ஆனால் சின்ன வேடம்தான்.

உயரமாகப் பிறந்த குற்றம்

நான் புவியியல் ஆசிரியை. கூடைப்பந்தைத் தொலைக்காட்சியில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் ஆசிரியர் அறையில் அலமாரி மேல்தட்டில் எதை எடுக்க வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மின்குமிழ் மாற்றவும் நான்தான். அப்படி இருக்க, கூடைப்பந்துக்குப் பொறுப்பாசிரியர் வேண்டும் என்றதும் கூட்டத்தில் எல்லோருடைய தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியதில் அதிசயம் இல்லை.

"எனக்கு ஒன்னும் தெரியாதுங்க சேர்" என்றேன்.

"அதெல்லாம் பழகிக்கலாம் டீச்சர். உயரத்தப் பழகிக்க முடியுமா?" என்றார் அதிபர்.

பொறுப்பை வாங்கிக்கொண்டேன்.

அணி என்று பார்த்தால், விளையாடத் தெரிந்தவர்கள் ஆறேழு பேர். பெயர்ப்பட்டியலில் பத்துப் பேராவது இருந்தால் நல்லது என்றார்கள். டியூஷன் உள்ளவள், தலைவலி உள்ளவள், பல்லில் பந்து பட்டுவிடும் என்று அம்மா தடுத்தவள் என்று ஆளுக்கொரு காரணம். கடைசியில் வலைப்பந்து அணியிலிருந்து ஜெயசீலியைக் கடன் வாங்கினேன். பண்டாரவளைக்காரப் பெண், நல்ல குறி. ஒரே ஒரு சிக்கல். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவுடன் அசையாமல் நின்றுவிட வேண்டும். ஜெயசீலி இங்கேயும் அப்படியே செய்தாள். பந்து கைக்கு வந்தால் போதும், ஆணி அடித்ததுபோல் நிற்பாள். "ஓடுடி!" என்று ஊரே கத்தினாலும் கேட்காது.

கலைவாணி பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளை. விடுதியில் தங்கிப் படித்தாள். குட்டையானவள்தான், ஆனால் பந்துக்காக எங்கேயும் விழுவாள், எதிலும் மோதுவாள். அவள் முழங்கையில் காயம் ஆறி நான் பார்த்ததே இல்லை.

விசில் இரண்டு, ஆள் ஒருவர்

செபஸ்டியன் மாஸ்டர் பகலில் பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதி விரட்டுவது அவர் வேலை. இளவயதில் பதுளையில் கூடைப்பந்து ஆடிப் பெயர் எடுத்தவர். மாலையில் சட்டைப் பைக்குள் பஸ் விசிலைப் போட்டுவிட்டு, வேறொரு விசிலை எடுத்துக்கொண்டு எங்கள் மைதானத்துக்கு வருவார். இரண்டையும் கலந்துவிடக் கூடாது என்பதில் அவருக்குப் பிடிவாதம். எனக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

பயிற்றுவிக்கும் பாஷை மட்டும் பஸ் நிலையத்திலிருந்து மாறவே இல்லை. "ஏய், எல்ல ஊருக்குப் போற பஸ் மாதிரி வெள்ளக்காரனப் பாத்துக்கிட்டு நிக்காத, எடு!" என்பார். மெதுவாக ஓடுபவளை, "ஆளு ஏத்திக்கிட்டா வர்ற?" என்று கேட்பார். ஜெயசீலி மீது அவருக்குத் தனி வருத்தம். "இது ஒன்னு, பஸ் ஹோல்ட் இல்லாத எடத்துலயெல்லாம் நிக்குது டீச்சர்."

அவருக்குச் சம்பளம் கிடையாது. விடுதி அடுப்படியிலிருந்து தேத்தண்ணியும் ரொட்டியும் வரும். சம்பளம் கொடுக்கப் பாடசாலையில் பணம் இல்லை என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்ன அன்று, "அதான் ரொட்டி தாறீங்களே" என்றார். அவர் கேலி செய்கிறாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சட்டையில் இடமில்லை

எங்கள் நிதி நிலைமையை அறிய விரும்புகிறவர்கள் எங்கள் சட்டையைப் பார்த்தால் போதும். முன்பக்கம் பூனாகலைத் தோட்டத்து அம்மன் கோவில் திருவிழாக் குழுவின் பெயர். பந்து வாங்கக் காசு தந்தவர்கள். முதுகில் பதுளையில் ஒரு பேக்கரி. பயிற்சி நாட்களில் மிஞ்சிய பணிஸ் கொடுத்தார்கள், போட்டி நாட்களில் மிஞ்சாத பணிஸும் கொடுத்தார்கள். ஒரு கையில் மாதா கோவில் இளைஞர் மன்றம், மறு கையில் சட்டை தைத்த தையல் கடை.

தந்தவர்கள் எல்லோருக்கும் பெயர் போட்டு முடிந்த பிறகுதான் ஆட்டக்காரியின் இலக்கத்துக்கு இடமில்லை என்பது தெரிந்தது. தையல்காரர் யோசித்து, இலக்கத்தை இடுப்புக்குக் கீழே ஓரமாகப் போட்டுத் தந்தார். நடுவர்கள் குனிந்து பார்த்துத்தான் இலக்கத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. "உங்க புள்ளைங்களுக்கு நான் ஒவ்வொரு தடவையும் கும்புடு போடுறேன் டீச்சர்" என்றார் ஒரு நடுவர். அம்மன் பெயரைச் சுமந்து ஆடுகிறவர்கள்தானே, போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம்

எங்கள் மைதானத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மலைச்சரிவை வெட்டித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். அதனால் அதன் ஒரு நீளப் பக்கம் மேடு. வெட்டிய மண் சரியாமல் இருக்க ஆள் உயரத்துக்குக் கல் கட்டு. மறு பக்கம் பள்ளம். கோட்டுக்கு அப்பால் இரண்டு எட்டு வைத்தால் தேயிலை. அதற்குக் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம், லயத்துக்குக் கீழே ஓடை.

பள்ளப்பக்கம் போன பந்து அவ்வளவு சுலபத்தில் நிற்காது. யார் கையிலிருந்து போனதோ அவள்தான் இறங்கி எடுத்து வர வேண்டும் என்பது அணியின் சட்டம். மழைக்காலத்தில் தேயிலைக்குள் இறங்கி ஏறினால் காலில் அட்டைகள் மாலை கட்டியிருக்கும். ஒருமுறை பந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவரின் சாக்குக்குள்ளேயே விழுந்து, கொழுந்தோடு நிறுவைக்குப் போய்விட்டது என்று லயத்தில் சொல்வார்கள். நான் நம்பவில்லை. ஆனால் அந்தப் பந்தை நாங்கள் பிறகு பார்க்கவும் இல்லை.

இதனால் எங்கள் பிள்ளைகள் பள்ளப்பக்கம் பந்தை விடவே மாட்டார்கள். விழுந்து, புரண்டு, ஒருத்தி காலை இன்னொருத்தி பிடித்துக்கொண்டாவது காப்பாற்றுவார்கள்.

மேட்டுப்பக்கம் வேறு கதை. அங்கே போகிற பந்து கல் கட்டில் மோதித் திரும்பி வந்துவிடும். ஓட வேண்டிய அவசியமே இல்லை, திரும்பிக் கையை நீட்டினால் போதும். ஒவ்வொரு தடவையும் விசில் ஊதி நிறுத்தினால் பொழுது போய்விடும் என்று மாஸ்டரும் அதை ஆட்டத்தோடு சேர்த்து விட்டுவிட்டார். வருடக்கணக்காக அப்படித்தான் ஆடினார்கள். அதில் ஏதும் பிழை இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சரிவைப் பற்றி வகுப்பில் மூச்சு விடாமல் பாடம் எடுக்கும் எனக்கும் தோன்றவில்லை.

கணித ஆசிரியரின் நிழல்

போட்டி நடந்த வருடமெல்லாம் போய், தவறாமல் தோற்று வந்தோம். ஒருநாள் அதிபர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது மேசையிலுள்ள பேனாவை நேராக வைத்துக்கொண்டே இருப்பார். அன்று பேனா பல தடவை நேரானது.

"கோவிச்சுக்கக் கூடாது டீச்சர். நம்ம டீச்சர்மாருக்கெல்லாம் வாகனம் நிப்பாட்ட எடமில்ல. இந்த வருசம் ஒரு மெட்ச் வெல்லுங்க. ஒன்னே ஒன்னு. இல்லாட்டி வர்ற வருசம் அந்த எடத்த தரிப்பிடமா மாத்திருவோம்."

செய்தி எனக்கு முன்னால் ஆசிரியர் அறைக்குப் போய்விட்டது. கணித ஆசிரியர் புதிதாக ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். அன்று இடைவேளையில் அவர் மைதானத்தில் உலாவி, கூடைப் பலகையின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அதே நேரத்தில், அவர் தேர்ந்தெடுத்த இடம் நல்ல இடம்தான் என்றும் தோன்றியது.

கலைவாணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. ஆனால் சொன்னது எனக்கு நெஞ்சில் தைத்துவிட்டது.

"வீட்டுலருந்து வர்ற புள்ளைங்க பரவால்ல டீச்சர். அஞ்சு மணிக்கு நாங்க விடுதிய விட்டு வெளிய வர்றது இதுக்கு மட்டுந்தான். இதுவும் போச்சுன்னா நாங்க எங்க டீச்சர் போறது?"

அன்றுவரை எனக்கு அது பொறுப்பு. அன்றிலிருந்துதான் அந்த அணி என் அணி ஆனது.

ரொட்டியும் கட்டச் சம்பலும்

இனி மொனராகலைக்கு வருவோம். மாஸ்டர் தெரிந்த முதலாளி ஒருவரைப் பிடித்து பஸ் ஏற்பாடு செய்திருந்தார். வழியெல்லாம் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் விசில் ஊதினார். பாட்டும் கூத்துமாக இறங்கிப் போனோம். மலையிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அந்த வெயில் தாங்கவில்லை. அரங்குக்குள் நுழைந்ததும் எல்லோரும் தரையைத்தான் பார்த்தார்கள். அப்படி ஒரு சமதரையில் அவர்கள் ஆடியதே இல்லை.

அரங்கின் ஒரு பக்கம் வாசல்கள் திறந்து வெளி தெரிந்தது. மறு பக்கம் உயரமான வெறும் சுவர், அதன் கீழே விருந்தினர் கதிரைகள். கல்வி அலுவலகத்து ஐயாமார் தேத்தண்ணிக் கோப்பையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் ஆட்டத்தில் நாங்கள் படுதோல்வி. வாசல் பக்கம் ஒரு பந்துகூட எங்களைத் தாண்டவில்லை. சுவர்ப் பக்கம் போனதெல்லாம் போனதுதான். முதலில் கலைவாணி கை நீட்டி நின்றாள். அடுத்து இன்னொருத்தி. அதற்கடுத்து இரண்டு பேர் ஒன்றாக நின்றார்கள். எதிரணிப் பயிற்றுவிப்பாளர் என்னிடம் வந்து, உங்கள் பிள்ளைகள் ஏன் சுவரைக் கும்பிடுகிறார்கள் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த நிலையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். முழங்கால் மடக்கி, கை நீட்டி. எங்கே? தினமும் மாலை, எங்கள் கல் கட்டுக்கு முன்னால்!

மதியச் சாப்பாட்டுக்கு அரங்கின் வெளியே மர நிழலில் உட்கார்ந்தோம். விடுதியிலிருந்து கட்டிக் கொண்டுவந்த ரொட்டியும் கட்டச் சம்பலும். யாரும் வாயில் வைக்கவில்லை. நான் மாஸ்டரிடம் சொன்னேன்.

"மாஸ்டர், புள்ளைங்க அந்தச் சொவத்த நம்ம மேடுன்னு நெனச்சுக்கிட்டு ஆடுறாங்க."

"என்னாங்க டீச்சர் பேசுறீங்க? கண்ணு தெரியாதா இவங்களுக்கு?"

"கண்ணுக்குத் தெரியும். காலுக்குத் தெரியல."

மாஸ்டர் ரொட்டியைக் கீழே வைத்தார். தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். வருடக்கணக்காக அந்தப் பந்தை ஆட்டத்தோடு சேர்த்து விட்டவர் அவர்தானே. பிறகு பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, எது மேடு, எது பள்ளம், இங்கே மேடு என்று எதுவும் இல்லை, பாதியில் பக்கம் மாறினால் எது எந்தப் பக்கம் வரும் என்று ரொட்டித் துண்டுகளை அடுக்கி விளக்கத் தொடங்கினார். விளக்க விளக்கப் பிள்ளைகளின் முகம் குழம்பிப்போனது. எனக்கும் தலை சுற்றியது.

கலைவாணி மேடாக இருந்த ரொட்டியை எடுத்துக் கடித்தாள்.

"இவ்ளோ எதுக்குங்க மாஸ்டர்? ரெண்டு பக்கமும் பள்ளம்னு வச்சுக்கிறோம்."

அவ்வளவுதான். மற்றவர்களும் ஆளுக்கொரு ரொட்டியை எடுத்தார்கள்.

ஐயாமாரின் தேத்தண்ணி

இரண்டாவது ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எங்களை முரடர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். பந்து எந்தப் பக்கம் போனாலும் எங்கள் பிள்ளைகள் ஓடைக்கு இறங்குகிற பயத்தோடு அதன் மேல் விழுந்தார்கள். முதல் தடவை சுவர்ப் பக்கம் பாய்ந்த கலைவாணி பந்தைக் காப்பாற்றி உள்ளே வீசிவிட்டு, தான் போய் விருந்தினர் வரிசையில் விழுந்தாள். ஒரு பெரிய அதிகாரியின் வெள்ளைக் காற்சட்டை முழுவதும் தேத்தண்ணி. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் காற்சட்டையைத் துடைத்தபடி, "பந்து தப்பிச்சதா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு எங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வரிசை முழுவதும் கோப்பைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டது.

எதிரணியும் லேசில் விடவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு பக்கமும் சமம். பந்து சுவர்ப் பக்கம் பறந்தது. எல்லோரும் விட்டுவிட்டார்கள், எதிரணியும்கூட. கலைவாணி மட்டும் விடவில்லை. கோட்டுக்கு மேலே அந்தரத்தில் பிடித்து, பார்க்காமலேயே பின்னால் வீசினாள்.

கூடைக்குக் கீழே ஜெயசீலி கையில் விழுந்தது பந்து. ஜெயசீலி நின்றாள்.

"ஓடு!" என்றேன் நான். "எடு!" என்றார் மாஸ்டர். அவளைச் சுற்றி எதிரணிப் பெண்கள், அவள் எந்தப் பக்கம் ஓடப் போகிறாளோ என்று இரண்டு பக்கமும் பாய்ந்தார்கள். அவள் எந்தப் பக்கமும் ஓடவில்லை. கால் இரண்டையும் சேர்த்து வைத்து, வலைப்பந்தில் செய்வதுபோல் நிதானமாகக் கையை உயர்த்தி, மேலே போட்டாள். பந்து பலகையில் படாமல் நேரே உள்ளே இறங்கியது.

மாஸ்டர் அன்று எந்த விசிலையும் ஊதவில்லை. முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார். நான் வெளிப்படையாகவே அழுதேன். உயரமானவர்கள் அழுதால் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி அப்போது கவலைப்படவில்லை.

கம்பி வலை

அதிபர் சொன்ன சொல் தவறவில்லை. காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை மேடையேற்றினார். கணித ஆசிரியர்தான் முதலில் கை தட்டினார், அதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய ஸ்கூட்டர் இன்றும் வாசலுக்கு வெளியே வெயிலில்தான் நிற்கிறது.

அதோடு அதிபர் விடவில்லை. பழைய மாணவர் சங்கத்தோடு பேசி, மைதானத்தின் பள்ளப்பக்கம் முழுவதும் உயரமாகக் கம்பி வலை அடித்துத் தருவதாகச் சொன்னார். இனிப் பந்து கீழே போகாது, ஓடை இல்லை, அட்டை இல்லை. பெரிய பரிசுதான். நான் சந்தோஷத்தோடு ஓடிப்போய்ப் பிள்ளைகளிடம் சொன்னேன்.

யாரும் துள்ளவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கலைவாணி முழங்கைக் காயத்தைத் தடவியபடி நின்றாள்.

"வலை வேணாம்னு சேர்கிட்ட சொல்லுங்க டீச்சர்."

"ஏன்டி? அட்டை கடிக்குதுன்னு தெனமும் நீங்கதானே அழுறீங்க?"

"வலை அடிச்சா இந்தப் பக்கமும் பந்து திரும்பி வந்துரும் டீச்சர். திரும்பி வந்துச்சுன்னா நாங்க நின்னுருவோம்."

அன்று மாலை பயிற்சி வழக்கம்போல் தொடங்கியது. யாரோ தவறவிட்ட பந்து மேட்டுப்பக்கம் போய், கல் கட்டில் மோதி, வழக்கம்போல் திரும்பி வந்தது. மாஸ்டர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். பந்தை எடுத்தார். மைதானத்தைக் குறுக்காகக் கடந்து, பள்ளப்பக்கத்துக் கோட்டில் நின்று, தேயிலையைப் பார்த்து ஓங்கி வீசினார்.

பிள்ளைகள் எல்லோரும் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். பந்து லயத்தை எட்டவே இல்லை. இரண்டாவது நிரையிலேயே தேயிலைச் செடி ஒன்றின் மேல் விழுந்து பந்தைக் கட்டிப் பிடித்திருந்தாள் கலைவாணி.